ஒட்டு மரம் என்றால் இளக்காரமா?

சென்ற ஞாயிறு மாலை மணியாச்சி ஜங்ஷன் பெஞ்சில் வழக்கம்போல நாங்கள் நாலு பென்ஷன்காரர்கள் உட்கார்ந்திருந்தோம். பேரனுடைய புது வில்லைக் காட்டலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். நம் பக்கத்தில் வில் என்றால் கோயில் கொடையில் குடத்தின் மேல் வைத்து வீசுகோலால் அடிக்கிற வில்தான் நினைவுக்கு வரும். இது அம்பு எய்கிற வில். நண்பர் ஒருவர் கைப்பிடியை விரலால் தட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, இது ஒட்டுப் பலகைல்லா? ஒரே மரத்துல செஞ்சது மாதிரி வருமா?" என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் தணியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பேரனுக்கு வாங்கிய முதல் வில் ஒரே மரத்தில் கடைந்ததுதான். "முழு மரம் சார், ஒட்டே கிடையாது" என்று சொல்லித்தான் விற்றார்கள். நானும் பெருமையாக வாங்கினேன். சித்திரை வெயிலில் ஒரு நாள் நாணை முழுவதும் இழுத்து நிற்கையில் கைப்பிடி பிளந்தது. மேல்பட்டை வந்து கன்னத்தில் அடித்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு விரற்கடை. மூன்று தையல். கொஞ்சம் மேலே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பயமாக இருக்கிறது.

வில்லின் நடுப்பகுதியை ரைசர் என்கிறார்கள். வளைவது மேலும் கீழும் உள்ள பட்டைகள்தான், இது வளையக்கூடாது. ஆனால் இழுப்பின் பாரமெல்லாம் இங்கேதான் வந்து சேரும். போதாததற்கு, அம்பு நேராகப் போவதற்காக இதன் பக்கவாட்டில் ஒரு பள்ளம் வெட்டுவார்கள். அந்த மெலிந்த இடத்தில் மரத்தின் ரேகை சாய்வாக ஓடினால் போச்சு. வெளியே வழவழவென்று இருக்கும், உள்ளே பிளவு காத்திருக்கும். நம் கரிசல் காட்டுக்காரருக்கு மரத்தின் குணத்தைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டுமா? ஐப்பசியில் கதவு மூடாது. சித்திரையில் அதே கதவின் இடுக்கில் பல்லி புகுந்து வரும். மரம் ஈரத்தைக் குடிக்கும், கக்கும். கைப்பிடி அப்படி ஆடினால் குறி எங்கே நிற்கும்?

இதற்கு மாற்றுத்தான் காம்ப்ரெக். மெல்லிய மரத் தகடுகளைப் பிசினில் ஊறவைத்து, அடுக்கி, கடும் சூட்டில் கடும் அழுத்தத்தில் இறுக்குகிறார்கள். பிசின் மரத்துக்குள்ளேயே இறங்கிக் கெட்டிப்பட்டுவிடும். நன்றாக அழுத்திய கட்டையைத் தொட்டியில் போட்டால் மூழ்கும். ஒரு தகட்டில் குறை இருந்தாலும் பக்கத்துத் தகடுகள் தாங்கும். கனமாக இருப்பதும் நல்லதுதான். பிடிக்கிற கை நடுங்காது.

இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மட்டி மரத்தை முள்ளங்கி சீவுவது போல உருட்டித் தகடு சீவி, தீக்குச்சியும் தீப்பெட்டியும் செய்து பிழைத்த ஊர் இது. மில்லில் தறி ஓட்டியவர்களைக் கேளுங்கள். ஒரு காலத்தில் ஷட்டிலுக்கு அமெரிக்காவிலிருந்து பர்சிமன் மரம் வரவேண்டும். அந்த இடத்துக்கு வந்தது இந்தக் காம்ப்ரெக்தான். மின்சார டிரான்ஸ்பார்மருக்குள்ளும் இதே சரக்கு இருக்கிறது. நம் வீட்டு விளக்கு எரிய ஒட்டு மரம் வேண்டும், வில்லுக்கு மட்டும் ஆகாதாம்!

"ஆதிகாலத்து வில்லெல்லாம் ஒரே மரம்தானே?" என்றார் இன்னொருவர். இல்லை. துருக்கியரும் மொகலாயரும் பிடித்த வில்லில் மரம் நடுவே, உள்பக்கம் கொம்பு, வெளிப்பக்கம் தசைநார், எல்லாம் வஜ்ஜிரம் போட்டு ஒட்டியது. நான் காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன். 1415-இல் அஸான்கூரில் ஆங்கிலேய வில்லாளிகளிடம் பிரான்ஸ் தோற்ற பாடத்தை எங்கள் வாத்தியார் அரை மணியில் முடித்துவிட்டு ழான் தார்க்குக்கு ஓடிவிடுவார். அந்த ஆங்கில வில் யூ மரத்தில் செய்தது, ஒரே கட்டைதான். ஆனால் வெளிப்பக்கம் இழுவைக்குக் கொடுக்கிற வெள்ளை மரம், உள்பக்கம் நசுங்காத வைரம் என்று இரண்டும் சேர்ந்து வரும்படி வெட்டினார்கள். இயற்கையே ஒட்டிக் கொடுத்ததைத் தேடி எடுத்தார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் பேர் ஆர்ச்சரி கம்பெனி வேட்டை வில்களுக்கு எப்போதோ இந்தப் பிசின் மரத்துக்கு மாறிவிட்டது.

"லிம்பா ராம் மூங்கில் வில்லில்தானே வளர்ந்தார்?" வளர்ந்தார். 1988, 92, 96 என மூன்று ஒலிம்பிக்குக்கும் அவர் அதே மூங்கிலைத் தூக்கிக்கொண்டா போனார்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தச்சருக்கு இது சுலபமான சரக்கல்ல. சாதாரண ரம்பம் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு பல் வேண்டும். மர அரம் ஏறாது, இரும்பு அரம் போடவேண்டும். அவசரப்பட்டுத் துளையிட்டால் கருகும். அடுக்கின் விளிம்பில் நேரே திருகைத் திருகினால் பிளக்கும். பெவிகால் சரியாகப் பிடிக்காது. மேற்பரப்பைச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, எப்பாக்ஸி போட்டால்தான் நிற்கும். எல்லாவற்றையும்விட, அந்தத் தூசி. பிசின் கலந்த மாவுத்தூசி நெஞ்சுக்குள் போகக்கூடாது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது போதாது, நல்ல முகமூடி வேண்டும். இதைச் சொல்லி யாராவது காம்ப்ரெக்கை எதிர்த்தால் மரியாதையோடு கேட்பேன். "சுத்த மரம்" என்கிற சாதிப் பேச்சைக் கேட்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த ஆபீசில் விளையாட்டுச் சாமான், நாற்காலி, மேசை எதற்கு டெண்டர் போட்டாலும் "ஒரே மரத்தில் செய்யப்பட்டதாகவும் ஒட்டு இல்லாததாகவும் இருத்தல் வேண்டும்" என்று ஒரு வரி வரும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பழைய கோப்பைப் பார்த்துப் புதிய கோப்பில் அடிப்போம். அந்த வரியை எத்தனை தடவை தட்டச்சு செய்திருப்பேனோ தெரியாது. அப்படி வாங்கிய நாற்காலிகள் வெடித்தபோது மரத்தைத்தான் திட்டினோம், வரியைத் திட்டவில்லை. இன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்கு வில் வாங்குகிறவர்கள் அந்த வரியை அடிக்கிறார்கள் என்றால், தயவுசெய்து நிறுத்துங்கள். வெளிநாட்டு அலுமினிய வில் வாங்க ஏழைப் பிள்ளைக்கு வழியில்லை. பிளக்கிற மரத்தை அதன் கையில் கொடுப்பதும் நியாயமில்லை. நடுவில் இருப்பது இதுதான், நம் ஊர் ஆசாரியால் செய்ய முடிந்ததும் இதுதான்.

பேரனின் புதுக் கைப்பிடியைச் செய்தவர் எங்கள் தெரு ஆசாரி. முதல் கட்டையில் இரண்டு பிளேடு போச்சு என்று என்னைத் திட்டிக்கொண்டே செய்தார். இரண்டாவதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். இடதுகைக்காரப் பிள்ளை ஒன்று இருக்கிறதாம், அதற்குப் பள்ளத்தை மறுபக்கம் வெட்டவேண்டுமாம். நேற்றுப் போனபோது முகமூடியோடு இருந்தார்; அளவு எடுத்துக்கொண்டிருந்ததால் என்னோடு பேசவில்லை.