வாந்திக்கு அஞ்சி வாழ்வை விடுவதா?

மேற்கே மலைத்தொடர், அதன் அடியிலே சேத்தூர். கிழக்கு வெளுக்கும் முன்பே பேருந்துக்காகக் காத்து நிற்கிறாள் ஒரு தாய். தலையிலே முக்காடு, கையிலே மஞ்சள் பை. பைக்குள்ளே மருத்துவச் சீட்டு, தண்ணீர், வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பாலிதீன் உறை. திருவில்லிபுத்தூர், கல்லுப்பட்டி, திருமங்கலம் எனக் கடந்து மதுரை சேரவேண்டும். மார்பிலே புற்று. மூன்று முறை மருந்து ஏற்றியாகிவிட்டது. இன்று நான்காம் முறை. பேருந்து வருகிறது, நிற்கிறது, புறப்படுகிறது. அவள் ஏறவில்லை! வீடு திரும்பிவிட்டாள்!

ஏன்? காசில்லையா? அரசு மருத்துவமனையிலே மருந்துக்குக் காசு கேட்டாரில்லை. நோய் முற்றிவிட்டதா? கட்டி சுருங்கி வருகிறது என்றுதான் மருத்துவர் சொன்னார். பிறகு ஏன் திரும்பினாள்? ஊர் வாய் திருப்பிவிட்டது தோழர்களே, ஊர் வாய்! "போகும்போது நன்றாகத்தானே இருந்தாள்! மதுரைக்குப் போய்வந்த பிறகல்லவா முடி கொட்டிற்று, சோறு இறங்கவில்லை! நோயா கொல்லுகிறது? மருந்தல்லவா கொல்லுகிறது!" என்றனர் திண்ணையிலே அமர்ந்திருந்தோர். செய்வினை என்றாள் ஒருத்தி. பத்தியம் என்றான் இன்னொருவன். முட்டை போயிற்று, மீன் போயிற்று, பருப்பும் போயிற்று. மிஞ்சியது கஞ்சித் தண்ணீர்!

திண்ணைப் பேச்சிலே பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தே அதனால்தான். மருந்து கடுமையானதுதான், அதன் மூதாதையே போர்க்களத்து நச்சு! கடுகு வாயு மனிதரின் வெள்ளணுக்களை அழிப்பதைக் கண்டு, அந்த இனத்து வேதிப்பொருளை 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் நிணநீர்ப் புற்றுக்குக் கொடுத்துப் பார்த்தனர். அன்று தொடங்கிய வழி இது. வேகமாகப் பெருகுவதை வெட்டு! இந்த வகை மருந்துக்குத் தெரிந்த கட்டளை இது ஒன்றே. புற்றணு வேகமாகப் பெருகும், வெட்டுகிறது. மயிர்க்காலும், வாயின் உட்புறமும், குடலின் உட்புறமும், எலும்பு மஜ்ஜையும் வேகமாகப் பெருகுபவை, அவற்றையும் வெட்டுகிறது. முடி உதிர்வதும், வாய் புண்ணாவதும், வெள்ளணு குறைவதும் இதனால்தான். நல்லணு மறுபடி தழைக்கும். ஒரு மருந்துக்கும் மறு மருந்துக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி விடுவதும் அது தழைக்கட்டும் என்றுதான்.

நம் வேலியோரத்துச் சுடுகாட்டு மல்லியிலிருந்துகூட மருந்து எடுக்கிறார்கள். அதற்காகச் செடியை இடித்துக் குடித்துவிடாதீர்கள். அளவறியா நஞ்சு அது!

வாந்தியை அடக்க 1990களிலேயே நல்ல மாத்திரை வந்துவிட்டது. குமட்டல் வந்த பிறகு தேடுவதற்கு அல்ல, வருமுன்பே சொன்ன நேரத்தில் விழுங்குவதற்கு. வயிறு நிறைய மூன்று வேளை முடியாதா? கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை உண்ணட்டும். தாளிப்பு வாடை குமட்டுகிறதா? ஆறிய உணவு கொடுங்கள். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் கொப்பளிக்கட்டும். நன்றாக வெந்த முட்டையும் மீனும் பருப்பும் அவள் உடல் தன்னைத் தானே கட்டிக்கொள்ளக் கேட்கும் செங்கல். அதைப் பத்தியத்தின் பேரால் பறிக்கிறார்களே, என்னே கொடுமை!

எல்லாவற்றினும் பெரிது காய்ச்சல். மருந்து ஏற்றிய ஓரிரு வாரத்தில் வெள்ளணு மிகவும் தாழும். அப்போது வெப்பமானி 100.4 காட்டினால், கசாயம் வைத்துப் பார்ப்போம், விடியட்டும் பார்ப்போம் என்று காலம் கடத்தக்கூடாது. நள்ளிரவானாலும் 108ஐ அழைத்து மருத்துவமனை சேரவேண்டும். உயிர் போவதும் நிற்பதும் அந்தச் சில மணி நேரத்திலே!

இத்தனையையும் அந்தத் தாய்க்கு யார் சொன்னார்கள்? நூறு பேர் நிற்கும் வரிசையிலே, "மாத்திரையை ஒழுங்காகப் போடு, அடுத்த ஆள் வா" என்ற குரல்தான் அவள் காதிலே விழுந்தது. வரிசையின் நீளம் அப்படி. ஆனால் நல்ல தமிழிலே ஒரு தாள் அச்சிட்டுக் கையிலே கொடுக்க எவ்வளவு செலவாகும்? படிக்கத் தெரியாதவளுக்கு ஒருவர் படித்துக்காட்ட எவ்வளவு நேரமாகும்?

அவளை மிகவும் வாட்டியது வாந்திகூட இல்லையாம், மொட்டைத் தலையாம். விதவையின் தலையை மழித்து மூலையிலே உட்கார வைத்த நாடல்லவா இது! அந்த அச்சம் இன்னும் குடியிருக்கிறது. பக்கத்திலே சத்திரப்பட்டி. காயத்துக்குக் கட்டும் மருத்துவத் துணியைத் தறியிலே நெய்து கடல் கடந்தும் அனுப்பும் ஊர். உலகத்தார் புண்ணுக்குத் துணி நெய்யும் இந்தச் சீமையிலே, சிகிச்சை முடிந்த சில மாதங்களில் முளைத்துவிடும் முடிக்காக ஒருத்தி உயிரைப் பணயம் வைப்பதா?

நியூயார்க் வரை சென்று அறுவை செய்துகொண்டு திரும்பிய அண்ணனை, 1969 பிப்ரவரி 3 அன்று இதே நோய்க்குப் பறிகொடுத்தவர்கள் நாம். அன்று மருந்தில்லாமல் தவித்தோம். இன்று இருக்கும் மருந்தை விட்டு ஓடுவதா?

மருத்துவரிடம் விசாரித்தாயிற்று. தாமதம்தான், ஆனால் இப்போதே வந்தால் தொடரலாம் என்கிறார். திங்கட்கிழமை முதல் பேருந்து. இம்முறை அவளோடு மகனும் ஏறுகிறான். அவன் பையிலே இரண்டு அவித்த முட்டை, ஒரு வெப்பமானி, கேட்கவேண்டிய கேள்விகளை எழுதிய ஒரு நாற்பது பக்க நோட்டு.