பதினாறு துளை, ஐந்து மொழி

டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பட்டறையில் சொல்லப்போகும் தொகைதான். இணையக் கடைகளில் முப்பது, நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கும் ஓபிடி அடாப்டருக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதும் அதனால்தான். "வாங்கினேன், செருகினேன், ஒன்றுமே வரவில்லை" என்று என்னிடம் சொல்பவர்களும் உண்டு. பல சமயம் பெட்டியும் நன்றாக இருக்கும், காரும் நன்றாக இருக்கும். இரண்டுக்கும் பேச்சுவார்த்தைதான் நடந்திருக்காது.

ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் பக்கம் குனிந்து பாருங்கள். சரிவக வடிவில் 16 துளைகள் கொண்ட ஒரு முனை இருக்கும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் வந்தது. வாகனப் புகையைக் கண்காணிக்கவே இந்த விதி பிறந்தது. முனையின் வடிவம் ஒன்றுதான். ஆனால் அதற்குள் பேசப்படும் மொழிகள் ஐந்து. ஃபோர்டு ஒன்று பேசியது, ஜெனரல் மோட்டார்ஸ் இன்னொன்று; ஐரோப்பிய, ஆசியக் கார்கள் பல ஏழாம் துளை வழியாக வேறு இரண்டு மொழிகளில் பேசின. ஐந்தாவதான 'கேன்' 6, 14 ஆகிய துளைகளைப் பயன்படுத்துகிறது. 2008 மாடலிலிருந்து அமெரிக்கா இதை மட்டுமே ஏற்கிறது. புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு அதிகத் தொல்லை இல்லாததற்குக் காரணம் இதுதான்.

தொல்லை பழைய கார்களிலும் ரீகன் கார்களிலும்தான். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய கார்கள் சிலவற்றில் 16 துளை முனை இருக்கும். உள்ளே பேசுவதோ தயாரிப்பாளரின் சொந்த மொழி. துளை பொருந்துகிறதே என்று அடாப்டர் வாங்கினால் பணம் வீண். உங்கள் மாடலின் பெயரையும் ஆண்டையும் சொல்லி, அதில் வேலை செய்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது கைப்பேசி. மலிவான பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் பழைய வகை புளூடூத். ஆண்ட்ராய்டில் ஓடும், ஐபோன் செயலிகளோடு சேராது. ஐபோன்காரர்களுக்கு வைஃபை வகையோ புளூடூத் எல்இ வகையோதான் சரி.

பெட்டிமேல் 'இஎல்எம்327' என்று அச்சிட்டிருப்பதை வைத்து மயங்க வேண்டாம். அது ஒரு கனடிய நிறுவனத்தின் சில்லு. உலகம் முழுக்க நகலெடுக்கப்பட்டது. 'பதிப்பு 1.5' என்று விற்கிறார்களே, அசல் நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை! நகல் என்பதால் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சில நகல்கள் பாதிக் கட்டளைகளை விழுங்கிவிடும். பழைய மொழிகளில் பேசும் கார்களிடம் மாட்டும்போதுதான் அது தெரியவரும்.

இன்னொன்று: 16ஆம் துளையில், சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் இருக்கும். இரண்டு வாரம் காரை விமான நிலையத்தில் விட்டுப் போகிறவர்கள் அடாப்டரைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது.

சரி, குறியீடு வந்துவிட்டது. பி0420 என்று வைத்துக்கொள்வோம். இதைப் பார்த்ததும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை மாற்றச் சொல்லும் பட்டறைகள் உண்டு. அந்தப் பாகம் விலை அதிகம். குறியீடு சொல்வதோ, கன்வர்ட்டரின் செயல்திறன் எல்லைக்குக் கீழே தெரிகிறது என்பதை மட்டும்தான். புகைக்குழாயில் கசிவு இருந்தாலும், ஆக்சிஜன் சென்சார் தளர்ந்திருந்தாலும் அதே எண் வரலாம். எந்தெந்தச் சோதனை செய்தீர்கள் என்று மெக்கானிக்கிடம் மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ளமாட்டார். மாறாக, குறியீடே வரவில்லை என்றால் கார் முழுக்க நலம் என்றும் நினைத்துவிடாதீர்கள். இந்தப் பொது மொழி எஞ்சினையும் புகையையும் பற்றியது. ஏபிஎஸ் பிரேக், ஏர்பேக் கோளாறுகளைப் படிக்க, அந்தந்த நிறுவனத்தின் மொழி தெரிந்த கருவி வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்தப் பெட்டி பழைய கார் வாங்கும்போதுதான் தன் விலையைச் சம்பாதிக்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கார் பார்க்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். விற்பவர் குறியீடுகளை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் அழிக்கும்போது காரின் சுய சோதனைகளின் முடிவுகளும் சேர்ந்தே அழிந்துவிடுகின்றன. செயலியில் 'ரெடினஸ்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் போன்றவை 'முடியவில்லை' என்று காட்டினால், அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். சில சோதனைகள் முடிய, நகரத்திலும் நெடுஞ்சாலையிலுமாகப் பல நாள் ஓட்டம் தேவைப்படும். "பேட்டரி புதுசு, அதான்" என்று பதில் வரலாம். உண்மையாகவும் இருக்கலாம். முன்பணம் கொடுக்காமல், ஒரு வாரம் கழித்து வந்து மீண்டும் செருகிப் பார்ப்பதாகச் சொல்லுங்கள்.