நடை குறைந்தது; தட்டு குறையவில்லை

மாரடைப்பு என்பது துரைமாருக்கும் பெரிய கிராணிமாருக்கும் வரும் வியாதி என்று நம் லயங்களில் ஒரு காலத்தில் பேசிக்கொண்டார்கள். உட்கார்ந்து தின்பவனுக்கு வரும் நோய், ஓடி உழைப்பவனை அண்டாது என்பது அன்றைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை இன்றும் வைத்துக்கொண்டிருப்பது ஆபத்து. 2022-ஆம் ஆண்டு மலேசியாவில் மருத்துவர் சான்றளித்த மரணங்களில் 100-க்கு 16 இருதய இரத்தக் குழாய் அடைப்பால் நேர்ந்தவை. அவ்வாண்டில் வேறெந்த நோயும் அத்தனை பேரைக் கொண்டுபோகவில்லை.

நம்மவர்க்கு இன்னொரு கேடும் உண்டு. இந்தியா, இலங்கை உள்ளிட்ட தென்னாசிய நாடுகளில் முதல் மாரடைப்புக் கண்டவர்களுள் பாதிப்பேர் 53 வயதுக்குள்ளாகவே அதற்கு ஆளானார்கள் என்று 2007-இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. மற்ற நாட்டார்க்கு அந்த வயது 59-ஐ ஒட்டியிருந்தது. 53 என்பது உழைக்கிற வயது. பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்; மகள் கலியாணம் முடிந்திராது. குடியிருக்கும் வீடோ வேலைக்காகக் கொடுக்கப்பட்ட தோட்டத்து வீடு. கருமாதி முடிந்த கையோடு வீட்டைக் காலி செய்யும் பேச்சு எழுந்ததை நாம் கண்டிருக்கிறோம். ஆகவேதான் சம்பளத்தையும் போனசையும் பற்றி எழுதும் இவ்விடத்தில் இருதயத்தைப் பற்றி எழுதுகிறோம்.

1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற ஆங்கில மருத்துவர் லண்டன் பஸ் தொழிலாளரைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டார். அங்கே ஓடியவை இரண்டடுக்குப் பஸ்கள். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். டிக்கெட் கொடுப்பவர் மாடிப்படியில் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறுவார். ஊரும் ஒன்று, முதலாளியும் ஒன்று. ஆனால் இருதய நோய் ஓட்டுநரையே அதிகம் பிடித்தது, திடீர் மரணமும் அவர்களுக்கே மிகுதி. தபால் இலாகாவிலும் அப்படியே: கடிதம் சுமந்து நடந்தவர் தப்பினார், மேசையில் அமர்ந்த குமாஸ்தா அகப்பட்டார். கிராணிமார் இதைக் கவனிப்பார்களாக! ஓட்டுநரின் கால்சட்டை இடுப்பளவு தொடக்கத்திலேயே பெரிதாயிருந்தது என்று 1956-இல் அதே மருத்துவர் குழு கண்டதால், பழி முழுவதையும் நாற்காலிமேல் சுமத்துவதற்கில்லை. என்றாலும் நடப்பவன் இருதயம் பிழைக்கிறது என்ற முடிவைப் பின்வந்த ஆராய்ச்சிகளும் உறுதிப்படுத்தியிருக்கின்றன.

இனி ஜொகூருக்கு வருவோம். உளியோடும் வாளியோடும் 500, 600 மரங்களைச் சுற்றி மேடும் பள்ளமும் நடந்தவர் நம் பாட்டனாரும் பாட்டியாரும். கித்தா சாய்ந்து செம்பனை வந்தது. செம்பனை சாய்ந்து வீடமைப்பும் தொழிற்சாலையும் வந்தன. நம் பிள்ளைகள் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் என்று குடியேறினார்கள். ஒருவன் லோரி ஓட்டுகிறான். ஒருவன் ஜாகா வேலையில் 12 மணி நேரம் நாற்காலியில் இருக்கிறான். ஒருவன் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போகிறான். இன்றும் மரம் வெட்டுகிறவர்கள்கூட நிரைவரைக்கும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறார்கள். நடை போய்விட்டது. ஆனால் பாட்டனுக்கு அளந்த சோற்றைத்தான் பேரனும் தட்டில் போட்டுக்கொள்கிறான்.

சோறு மட்டுமா? பசியாற ரொட்டி சானாய், அதோடு டின்பால் விட்ட தே. அந்த டின்பாலில் பாதியளவு சீனிதான்! நாளைக்கு நாலு கிளாஸ் குடித்தால் எவ்வளவு சீனி என்று வீட்டுப் பெண்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலேசியர் சராசரியாகத் தின்பது 7.9 கிராம். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே தட்டில் சேர்ந்தால் நம் கணக்கு அதையும் தாண்டும். உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றும். உடலுழைப்பில்லாத உடம்பில் சீனி தங்கி இரத்தக் குழாயைக் கெடுக்கும். கொழுப்பு அங்கே படியும். பிறகு ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, இரத்தம் கட்டி, குழாய் அடைபடும்.

கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் அல்லது பருப்பு, அரைத் தட்டு காய்கறி பழம் என்கிறது சுகாதார அமைச்சு. நல்ல யோசனைதான். ஆனால் அரைத் தட்டுக் காய்கறி வாங்கச் சம்பளம் வேண்டுமே! அதை யாரும் சொல்வதில்லை. அதுவரை வேலியோரத்து முருங்கைக்கீரையும் பருப்பும் கெம்போங் மீனும் நமக்குக் கைகொடுக்கும். தேயில் சீனியைக் குறைப்பதற்கோ ஒரு காசு செலவில்லை.

“நாங்கள் தினம் சுமக்கிறோமே, எங்களுக்கு எதற்குத் தேகப்பயிற்சி?” என்று பால்வெட்டும் சகோதரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டதில், ஓய்வு நேரத்து நடையும் விளையாட்டும் இருதயத்துக்கு நன்மை செய்தன. வேலையிடத்துக் கடும் உழைப்போ அந்த நன்மையைத் தரவில்லை, தீங்கோடுதான் சேர்ந்து காணப்பட்டது. மணிக்கணக்காய்ச் சுமந்தால் அழுத்தம் ஏறியே நிற்கும், ஆற நேரமில்லை என்பது அவர்கள் கூறும் காரணங்களில் ஒன்று. சுமைக்கு இடையே ஓய்வு கேட்பது சோம்பல் அல்ல என்று நிர்வாகத்துக்குச் சொல்ல இது நமக்கு ஆதாரம். கிராணிமாருக்கும் ஜாகாக்காரருக்கும் வேண்டியது வேறு: வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம் வேகமான நடை.

நெஞ்சு அழுத்தி, இடக்கையிலோ தாடையிலோ வலி பரவி, வியர்த்துக் கொட்டினால் வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள். கழியும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை சாகிறது.

சொக்சோ 2013-இல் 40 வயதான சந்தாதாரர்களுக்கு இலவசப் பரிசோதனைச் சீட்டு அனுப்பியது. சீட்டு வந்தும் போகாதவர் பலர். கேட்டால் ஒரு நாள் பேர் போய்விடும் என்பார்கள். 40 வயது கடந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு நாள், பேர் குறையாமல், பரிசோதனைக்குப் போக விடுப்பு வேண்டும். அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இக்கோரிக்கை மேசைக்கு வர வேண்டுமென்று கேட்கிறோம். கிளைச் செயலாளர்கள் தத்தம் தோட்டத்தில் அவ்வயது கடந்தோர் பட்டியலை இப்போதே எழுதத் தொடங்கட்டும்.