பின்னறையும் முன்விறாந்தையும்

காய்ச்சலில் கிடப்பவனைக் காண உறவினர் தோடம்பழமும் கையுமாக வருவர். கால் முறிந்தவன் கட்டிலைச் சுற்றி அயலார் கூடுவர். சித்தம் கலங்கியவன் இருக்கும் வீட்டிலோ பின்னறைக் கதவு சாத்தப்படும். "தம்பி எங்கே?" என்று வினவுவார்க்கு, "கொழும்பிலே" என்று விடை கிடைக்கும். இரண்டும் நோயே. எனினும் ஒன்றை முன்விறாந்தையிலும் மற்றொன்றைப் பின்னறையிலும் வைக்கின்றோம். குடும்பத்தின் கௌரவத்தைக் காப்பதாக நாம் எண்ணிச் செய்யும் இச்செயலுக்கு விலை கொடுப்பவன் நோயாளியே அன்றோ?

இது குறித்து ஆபிரிக்கக் கண்டத்திலிருந்து நாம் கற்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. நைஜீரியா நாட்டில் யொரூபா மக்கள் வாழும் அபியோக்குட்டா நகரிலே 1923 ஆம் ஆண்டு பிறந்தவர் தோமஸ் லாம்போ. இங்கிலாந்து சென்று பர்மிங்காமில் வைத்தியம் பயின்று, மனநோய் வைத்தியத்திலும் தேர்ச்சி பெற்றுத் தாயகம் மீண்டார். பிறந்த ஊரை அடுத்த ஆறோ என்னுமிடத்து மனநோய் வைத்தியசாலையின் பொறுப்பு அவரிடம் வந்தது.

உயர்ந்த மதில்களுக்குள் நோயாளரை அடைத்து வைப்பதே அக்கால வழக்கம். லாம்போ அவ்வழியிற் செல்லவில்லை. 1954 ஆம் ஆண்டிலே, வைத்தியசாலையைச் சூழ்ந்த கிராமங்களிலே நோயாளரைக் குடியிருத்தினார். கிராமத்தவர் தம் வீடுகளில் இடமளித்து வாடகை பெற்றனர். நோயாளியுடன் உறவினர் ஒருவரேனும் வந்து தங்குதல் வேண்டும் என்பது விதி. சமைத்துக் கொடுத்தலும், ஆடை துவைத்தலும், வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுதலும் அவ்வுறவினரின் கடமைகள். நவீன மருந்துகளை லாம்போ விலக்கினாரல்லர். அவற்றோடு யொரூபா நாட்டு வைத்தியர்களின் துணையையும் பெற்றார்.

இம்முறை பயன் தந்தமைக்குக் காரணம் யாது? மருந்து கலக்கத்தைத் தணிக்கும். ஆனால், தணிந்த மனம் எதைப் பற்றிக்கொண்டு எழுவது? பழகிய மொழியும், பழகிய உணவும், பெயர் சொல்லி அழைக்கும் மனிதரும், செய்வதற்குச் சிறு வேலையும் வேண்டும். அக்கிராமங்களில் அவை இருந்தன. மேலும், உடனிருந்த உறவினர் நோயின் போக்கை அறிந்துகொண்டார். எனவே, குணமடைந்தவன் வீடு திரும்புகையில் அவனை விளங்கிக்கொண்ட ஒருவரும் கூடவே திரும்பினார். 1961 ஆம் ஆண்டு அபியோக்குட்டாவில் கூடிய ஆபிரிக்க மனநோய் வைத்தியர் மகாநாட்டுக்குப் பிற நாட்டறிஞரும் வந்தனர். லாம்போ பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் பிரதிப் பணிப்பாளர் நாயகமாக உயர்ந்து, 2004 ஆம் ஆண்டு மறைந்தார்.

இதைக் கொண்டு, ஊரும் வழிபாடுமே நோயைத் தீர்த்துவிடும் என்று முடிவுகட்டுதல் தவறு. தமிழ்நாட்டின் ஏர்வாடித் தர்காவை நாடி மனநோயாளர் நெடுங்காலமாகச் சென்று வந்தனர். அவ்வூரில் தனியார் நடத்திய விடுதியொன்றில் 2001 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆந் திகதி அதிகாலை தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓடவும் இயலாது சிக்குண்டனர். 28 பேர் மாண்டனர். பழி வழிபாட்டின் மீதன்று. புனிதமான ஊரேயாயினும், மருந்தும் உறவும் இருக்கவேண்டிய இடத்திலே சங்கிலி இருக்குமாயின் அது சிறையே.

ஆறோவில் உறவினர் வீட்டைவிட்டு வந்து தங்கவேண்டியிருந்தது. நம் இல்லங்களிலோ உறவு ஏற்கெனவே உண்டு. கதவைத் திறப்பதொன்றே குறை. பெற்றோர் நோயின் தொடக்கத்திலேயே வைத்தியரை நாடுக. அவர் சொல்லும்வரை மருந்தை நிறுத்தாதொழிக. வீட்டார் உண்ணும் வேளையில் அவனுக்கும் பந்தியில் ஓரிடம் இடுக. பூச்செடிக்கு நீர் வார்த்தல் போன்ற ஒரு வேலையை அவனுடையதென்றே விட்டுவிடுக. கோயில் திருவிழாவுக்கு அவனையும் அழைத்துச் செல்க.

மாணவர்க்கும் ஒரு சொல். நோயுற்றிருந்த தோழன் வகுப்புக்கு மீளும் நாளில், "விசர்" என்ற பட்டம் அவன் காதில் விழலாகாது. அவன் பெயரைச் சொல்லி அழையுங்கள். முன்னிருந்த வாங்கிலே அவனுக்கு இடம் விடுங்கள். வைத்தியர் எழுதித்தர இயலாத மருந்து அது.