தீராத கடன்

துறையூரில் ஒரு தாயார். இதயத்தில் ஓட்டையோடு பிறந்த அவருடைய பெண்ணுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. இன்று அவள் தெருவில் பாண்டி ஆடுகிறாள்! "ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்தாயிற்று, டாக்டரையும் கையெடுத்துக் கும்பிட்டாயிற்று. இருந்தும் கடன் தீர்ந்த மாதிரி இல்லையே, அம்மா!" என்றார் என்னிடம்.

2003-ஆம் ஆண்டு ஜூலையில் இதே குறையுள்ள இரண்டரை வயதுக் குழந்தையோடு ஒரு பாகிஸ்தான் தம்பதி லாகூர்–டில்லி பஸ்ஸில் வந்து, பெங்களூரில் சிகிச்சை பெற்றுத் திரும்பினார்கள். முகம் அறியாத எத்தனையோ பேர் அந்தக் குழந்தைக்காகப் பிரார்த்தித்தார்கள். அத்தனை பேருக்கும் பெற்றவர்கள் எப்படி நன்றி சொல்வது? வாங்கிய இடத்தில் திருப்பித் தர முடியாத கடன் இது. இன்னொரு வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துத்தான் தீர்க்கவேண்டும்.

துறையூர்த் தாயார் செய்வதும் அதுதான். தடுப்பூசி போட வரும் பெண்களிடம் கேட்கிறார்: "பால் குடிக்கையில் பிள்ளைக்கு நெற்றி வேர்க்கிறதா? பாதியில் களைத்துப் போகிறதா? அழுதால் உதடு நீலம் பாரிக்கிறதா?" ஆமென்றால், "தோஷம் என்று மந்திரித்து நான் நாளைக் கடத்தினேன். நீ கடத்தாதே, டாக்டரிடம் காட்டு!" என்கிறார்.

ஆயிரம் குழந்தைகளில் சுமார் எட்டு, ஒன்பது பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை உண்டு. தகுதியுள்ள குடும்பங்களின் சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

சகோதரிகளே, அடுத்த வீட்டுக் குழந்தையை நீங்களும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். இந்தக் கண் பட்டால் நல்லதுதான்!