கோரிக்கை மனு: நிராகரிக்கப்படும் ஒவ்வொரு லீட்டுக்கும் காரணம் எழுத்தில் வேண்டும்

பெறுநர்: தொழில் நியமங்களுக்குப் பொறுப்பான மாகாண அதிகாரிகள், ரொறன்ரோ

பொருள்: விற்பனைக் கொமிஷன் போய் லீட்டுக்குப் பணம் என்றான பின் எமக்கு நேரும் இழப்பு

மதிப்புக்குரியீர்,

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இணையத்தளம், வாட்ஸ்அப் குழு வழியாக வீட்டுக் கடன், காப்புறுதி, இணைய இணைப்பு நிறுவனங்களுக்கு வாடிக்கையாளரை அறிமுகம் செய்பவர்களின் சங்கம் இது.

உங்களுக்கு அனுப்பிய முன்னைய கடிதங்களில் எழுதியதையே மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது. முதல் கடிதத்தில் நிலைமையை விளக்கினோம். முன்பு விற்பனை முடிந்தால் கொமிஷன். 1996இல் அமேசான் தொடங்கிய அறிமுகக் கொமிஷன் திட்டத்தின் வழியே உலகெங்கும் பரவிய முறை அதுதான். பணம் வரத் தாமதமாகும். ஆனால் ஒரு குடும்பம் கடன் எடுத்ததா இல்லையா என்பதை எவராலும் மறைக்க முடியாது. இப்போது வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் படிவத்தில் விழுந்தாலே, அதாவது ஒரு 'லீட்' கிடைத்தாலே, ஒரு நிலையான தொகை என்கிறார்கள்.

இம்மாற்றத்தை நாம் எதிர்க்கவில்லை என்று இரண்டாவது கடிதத்தில் தெளிவாகவே எழுதினோம். விற்பனையாளர் கோட்டை விட்டாலும் எமக்கு நட்டமில்லை என்பதால் உறுப்பினர் பலர் இதை வரவேற்கவும் செய்தனர். எம்மை அடிப்பது வேறு. லீட் தகுதியானதா என்பதை, அதற்குப் பணம் கட்ட வேண்டியவரே தனியே தீர்மானிக்கிறார். மாத முடிவில் 'இத்தனை நிராகரிக்கப்பட்டன' என்று ஓர் எண்ணிக்கை மட்டும் வரும். எவை, ஏன் என்ற விபரம் வராது. எமது உறுப்பினர் அனுப்பிய ஒரு குடும்பம் 'ஏற்கெனவே எமது பட்டியலில் உள்ளது' என்று தள்ளப்பட்டது. பின்னர் அதே குடும்பம் அதே நிறுவனத்தில் கடன் எடுத்ததாகக் கலியாண மண்டபத்தில் வைத்து நன்றி சொன்னது. பழைய முறையில் அந்த உறுப்பினருக்குப் பங்கு கிடைத்திருக்கும். இன்று ஒரு சதமும் இல்லை.

வீட்டுக் கடனில் உரிமம் இல்லாதவர் எளிய அறிமுகம் மட்டுமே செய்யலாம். அதற்குக் கட்டணம் பெறுவதை வாடிக்கையாளருக்கு எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். நாம் அறிவிக்கிறோம். எம்மிடம் எழுத்தில் கேட்கும் மாகாணம், எமக்கு எழுத்தில் எதையும் பெற்றுத் தரவில்லை.

எமது கடிதங்களுக்குக் கிடைத்த ஒரே பதில், இது தனியார் ஒப்பந்தம், நீதிமன்றம் செல்லுங்கள் என்பது. சிறு உரிமைகோரல் நீதிமன்றம் 50,000 டொலர் வரையான வழக்குகளை ஏற்கும் என்பது எமக்கும் தெரியும். காரணமே சொல்லப்படாத நிராகரிப்பை எதிர்த்து எதை வைத்து வழக்காடுவது?

ஆகவே ஒரு சட்டத்தைச் சுட்டுகிறோம். 2022ஆம் ஆண்டின் டிஜிட்டல் தளத் தொழிலாளர் உரிமைச் சட்டம் 2025 ஜூலை 1 முதல் ஒன்ராறியோவில் நடைமுறையில் உள்ளது. ஊழியரா, சுயதொழில் செய்பவரா என்று பாராமல், கொடுப்பனவு எப்படிக் கணிக்கப்படுகிறது என்று அறியும் உரிமையை அது தருகிறது. தளத்திலிருந்து நீக்கினால் எழுத்தில் விளக்கம் கேட்கிறது. அதில் பயணிகள் சவாரி, விநியோகம், கூரியர் ஆகியன பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. அத்தோடு, ஒழுங்குவிதியால் குறிக்கப்படும் வேறு சேவைகள் என்றும் சட்டமே இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தில் எமது வேலையைச் சேர்க்கப் புதிய சட்டம் வேண்டாம், ஓர் ஒழுங்குவிதி போதும். உணவு கொண்டு செல்பவருக்குள்ள அறியும் உரிமை, அதே கைத்தொலைபேசியில் வாடிக்கையாளரைக் கொண்டு சேர்ப்பவருக்கு ஏன் இல்லை?

எமது கோரிக்கைகள்:

1. மேற்படி ஒழுங்குவிதி இயற்றப்படல் வேண்டும். நிராகரிக்கப்படும் ஒவ்வொரு லீட்டுக்கும் பத்து நாட்களுக்குள் எழுத்தில் காரணம் தரப்படல் வேண்டும். நிராகரித்த லீட் 90 நாட்களுக்குள் விற்பனையானால் முழுத் தொகையும் செலுத்தப்படல் வேண்டும்.

2. விளக்கத் துண்டுப்பிரசுரங்கள் தமிழிலும் வெளியிடப்படல் வேண்டும்.

3. முறைப்பாடுகளைப் பெற ஓர் அலுவலர் நியமிக்கப்படல் வேண்டும்.

4. எமது செயற்குழுவுக்குச் சந்திப்பு ஒன்று வழங்கப்படல் வேண்டும்.

முதலாவது கோரிக்கைக்கு ஆம் அல்லது இல்லை என்று, காரணத்துடன், முப்பது நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
செயலாளர்,
செயற்குழுவின் சார்பில்