விண்ணப்பம் குவிந்தால் போதுமா?

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022ல் பொது நுழைவுத் தேர்வு வந்தது. பல இடங்களுக்குத் தனித்தனியே விண்ணப்பித்து அலைந்த மாணவர்களுக்கு ஒரே இணையதளம், ஒரே படிவம். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 15 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். அவர்களில் ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் டெல்லிப் பல்கலைக்கழகத்தைக் குறித்திருந்தார்கள். அங்கே இருந்த இடங்களோ சுமார் 70,000. ஓர் இடத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் போட்டி. டெல்லியின் மவுசுக்கு வேறு சாட்சி வேண்டுமா?

வேண்டும். தேர்வுக்குப் பின் பல்கலைக்கழகம் தன் சேர்க்கைத் தளத்தைத் திறந்தது. அங்கே தனியாகப் பணம் கட்டி, கல்லூரியையும் பாடத்தையும் வரிசைப்படுத்த வேண்டும். அதற்கு வந்தவர்கள் இரண்டு லட்சத்துக்குச் சற்றே அதிகம். மதிப்பெண் குறைந்து ஒதுங்கியவர்கள் உண்டுதான். ஆனால் முதல் கட்டத்தில் பலருக்கு டெல்லி என்பது பட்டியலில் இன்னொரு பெயர், அவ்வளவே.

டிராஃப்ட் எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பிய காலத்தில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் செலவும் அலைச்சலும் இருந்தன. எனவே அது ஆசைக்கு ஓர் அடையாளம். கம்ப்யூட்டர் அலைச்சலை ஒழித்தது நல்ல காரியம். கூடவே அடையாளத்தின் மதிப்பும் குறைந்துபோனது. இன்று விண்ணப்ப எண்ணிக்கை காட்டுவது கவர்ச்சியை அல்ல, வசதியை.

வெளிநாட்டு அனுபவமும் இதுதான். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012-13ல் இணையத்தில் நடத்திய 17 இலவசப் பாடங்களுக்கு 8,41,687 பதிவுகள். சான்றிதழ் வாங்கியவர்கள் 43,196 பேர் - நூற்றுக்கு ஐந்து. எட்டிப் பார்க்க வந்தவர்களை எல்லாம் மாணவர் கணக்கில் சேர்க்க முடியாது.

2016 முதல் வெளியாகும் தேசியத் தரவரிசையும் இங்கே கை கொடுக்காது. கற்பித்தல், ஆராய்ச்சி, தேர்ச்சி, பரவலான வாய்ப்பு, நற்பெயர் என அதன் தலைப்புகள் ஐந்து. நற்பெயருக்குக் கருத்துக் கேட்பது கல்வியாளர்களிடமும் வேலை தருபவர்களிடமும்தான். சேர்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் மாணவரிடம் அல்ல.

எந்தக் கணக்கிலும் வராத இன்னொரு கூட்டமும் உண்டு. 2017-18ல் தேசிய மாதிரி ஆய்வு எடுத்த கணக்கில், நகரங்களில் நூற்றுக்கு 42 வீடுகளில் இன்டர்நெட் வசதி, கிராமங்களில் 15. அதன் பிறகு செல்போன் வெகுவாகப் பரவிவிட்டது. ஆனால் செல்போனில் படம் பார்ப்பது வேறு. கடைசி நாளில் படிவம் நிரப்பி, சான்றிதழ்களை ஏற்றி, பணம் கட்டி முடிப்பது வேறு. பாதியில் நின்றுபோன கிராமத்துப் பெண்ணுக்கு அந்தப் பல்கலைக்கழகம் பிடிக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்?

படிவத்தைப் பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர், எந்த மாவட்டத்தினர்? இடம் கிடைத்தும் சேராதவர்கள் எத்தனை? முதல் ஆண்டிலேயே விலகியவர்கள் எத்தனை? விடை தேட வெளியே போக வேண்டியதில்லை. பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்களிலேயே இருக்கிறது. விளம்பரத்தில் போட முடியாத எண்கள் என்பதால் யாரும் அவற்றை எடுத்துப் பார்ப்பதில்லை.